குரல்கள் போய்விட்டன, மறதி போகவில்லை

மாத்திரை வேலை செய்துவிட்டது. காதில் விடாமல் திட்டிக்கொண்டிருந்த குரல்கள் அடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் குழம்பில் எதையோ கலக்கிறார் என்ற பயம் போய்விட்டது. இரவில் தூங்குகிறான், குளிக்கிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஆனால் கடைக்கு அனுப்பினால் நான்கு சாமானில் இரண்டுதான் வருகிறது. மீதிச் சில்லறையை எண்ண நேரமாகிறது. டி.வி.யில் படம் பாதி ஓடியபின் ‘இவர் யாரு?’ என்று கேட்கிறான்.

ஊத்துக்கோட்டையில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகனுக்கு 26 வயது. ஐ.டி.ஐ. முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவன். 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. டாக்டர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். சிகிச்சை எடுத்து, நோய் தணிந்து, மறுபடி வேலைக்கும் போனான். மூன்று வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெஷினை எந்த வரிசையில் நிறுத்த வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

“எத்தன மாத்திர குடுத்தாலும் இவன் இப்படியேதான்டா இருக்கான் தம்பி. சோம்பேறித்தனம் புடிச்சிக்கிச்சு” என்கிறார் அம்மா, ஊரிலிருந்து வந்த தன் தம்பியிடம்.

“இல்லக்கா. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். தலையில ஒரு மெஷின் வெக்கிறாங்க. ஆபரேஷன் கெடையாது, மயக்க ஊசி கெடையாது. மூளைய அப்படியே சார்ஜ் பண்ணி விட்டுருதாம். நகைய வெச்சாவது பண்ணிப் பாத்துரலாம்க்கா.”

அக்கா சொன்னது முழுத் தவறு. தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பது தெரிந்தால் நகை வீட்டிலேயே இருக்கும்.

சோம்பேறித்தனம் இல்லை

மனச்சிதைவு என்றதும் நமக்குத் தோன்றுவது தனக்குத்தானே பேசுவது, சந்தேகப்படுவது, கோபப்படுவது. சினிமா கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் 1890-களிலேயே ஜெர்மன் மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்த நோய்க்கு வைத்த பெயரின் பொருள், இளமையில் வரும் அறிவு மங்கல். 1908-ல் சுவிட்சர்லாந்தின் யூஜின் புளூலர் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரைக் கொண்டுவந்தார். பழைய பெயர் தவறானது, கொடூரமானது, அது போனது நல்லதே. கூடவே அந்தப் பெயர் சுட்டிக்காட்டிய பிரச்னையும் பல பத்தாண்டுகள் பின்னுக்குப் போய்விட்டது.

1952-ல் குளோர்ப்ரோமசைன் வந்தது. அதற்குப் பின் வந்த மருந்துகள் பெரும்பாலும் மூளையின் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் குறைப்பவை. குரல்கள், சந்தேகங்கள் அடங்க அது போதும். நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவை அந்த வழியில் சரியாவதில்லை. 1996-ல் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கிரீன், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒன்றைச் சொன்னார்: ஒருவர் வேலைக்குப் போவாரா, தனியாக வாழ்வாரா என்பதைக் குரல்கள் கேட்பதைவிட, இந்தச் சிந்தனைத் திறன்களே அதிகம் தீர்மானிக்கின்றன. குரல் கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பவர்கள் உண்டு. சொன்னதை அரை நிமிஷம் மனசில் வைத்திருக்க முடியாதவருக்கு வேலை நிலைப்பது கஷ்டம்.

அந்த அரை நிமிஷ நினைவைப் புரிந்துகொள்ள ஓ.டி.பி. போதும். போனில் ஆறு எண்கள் வருகின்றன. அவற்றை மனதில் பிடித்துக்கொண்டு, வேறு திரைக்குப் போய், அடிக்கிறீர்கள். அடித்ததும் மறந்துவிடுகிறீர்கள். மனது தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் அந்தச் சின்னப் பலகை, மனச்சிதைவு உள்ள பலருக்குச் சுருங்கிவிடுகிறது. ‘அரிசி ஒரு கிலோ, துவரம்பருப்பு கால் கிலோ, சீரகம், அப்படியே வரும்போது தாத்தாவுக்கு மாத்திரை’ என்றால் பலகையில் முதல் இரண்டுதான் இடம்பிடிக்கும்.

அதோடு வேகம் குறையும். கவனம் சிதறும். முகத்தைப் பார்த்து மனதைப் படிக்கும் திறனும் மங்கும். சூப்பர்வைசர் கிண்டலுக்குச் சொன்னதைத் திட்டியதாக எடுத்துக்கொண்டு வேலையை விட்டவர்கள் உண்டு. இவற்றில் பல, குரல்கள் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே மெல்லத் தொடங்கியிருக்கும். நன்றாகப் படித்த பையன் பிளஸ் டூவில் திடீரென்று பின்தங்கியதை வீட்டில் ‘செல்போன் கெடுத்துவிட்டது’ என்று நினைத்திருப்பார்கள்.

இது அபூர்வமான சங்கதியும் அல்ல. 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சிதைவும் அதைச் சேர்ந்த நோய்களும் வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்கள் நூற்றுக்கு 1.4 பேர். அவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் உரிய சிகிச்சையில் இல்லை.

மெஷின் என்ன செய்கிறது?

வீடியோவில் வருவது இரண்டு வகைக் கருவிகளில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது ஆர்.டி.எம்.எஸ். எனப்படும் காந்தத் தூண்டல். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டியது. கம்பிச் சுருள் ஒன்றைத் தலைக்கு மேல் பிடிப்பார்கள். டக் டக் என்று சத்தம் வரும். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கணநேரக் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப் போய், அடியில் உள்ள நரம்புச் செல்களில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். செல்கள் உடனே வேலை செய்யும். மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. இப்போது நம் பெருநகரங்களிலும் மனச்சோர்வுக்கு இதைத் தருகிறார்கள்.

இரண்டாவது டி.டி.சி.எஸ். கருவி கையடக்கமானது, பேட்டரியில் ஓடுவது. உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் கட்டி, 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் போல ஓடவிடுவார்கள். லேசாக அரிக்கும், எறும்பு ஊர்வது போல இருக்கும். இந்த மின்சாரம் செல்களை நேரடியாக வேலை செய்யவைக்கும் அளவுக்குக் கிடையாது.

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு வித்தியாசத்தைக் கால்வாயை வைத்தே சொல்லிவிடலாம். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவரும் கிருஷ்ணா நீர், பூண்டிக்குப் போகும் வழியில் தமிழகத்துக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட் அவர்கள் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. காந்தத் தூண்டல் என்பது மதகைத் தூக்கித் தண்ணீரைப் பாயவிடுவது. டி.டி.சி.எஸ். மதகைத் தொடுவதில்லை, பின்னால் நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது. அந்த நேரத்தில் மூளை தானாக ஏதாவது வேலை செய்தால், சற்றுச் சுலபமாக வழியும். இந்த ‘ஏதாவது வேலை’ முக்கியம்.

இரண்டுமே ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ கிடையாது. ஷாக் என்று நாம் சொல்லும் இ.சி.டி.யில் சுமார் 800 மில்லிஆம்பியர் மின்சாரம் சில வினாடிகள் கொடுக்கப்படுகிறது. வலிப்பை உண்டாக்குவதே அதன் நோக்கம். அதையும் இன்று மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். மயக்கமருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் செய்வதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துவிட்டது. (கட்டிலில் கட்டிப்போட்டு, பல்லுக்கிடையில் துணி வைத்து அலறவிடும் காட்சியை நம் இயக்குநர்கள் இன்னும் விட்டபாடில்லை.)

மின்சாரத்தால் தலைநோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணமும் புதிதல்ல. ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், முதல் நூற்றாண்டிலேயே, தீராத தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொன்னார். மீனுக்கு எவ்வளவு வசூலித்தார்கள் என்பது தெரியவில்லை.

நம்பிக்கை வந்த கதை, அடங்கிய கதை

முதலில் குரல்களை எடுத்துக்கொள்வோம். 2012-ல் பிரான்ஸின் லியோன் நகரில் மருந்துக்கு அடங்காத குரல்கள் கேட்கும் 30 பேருக்கு, நாளுக்கு இரண்டு முறை வீதம் ஐந்து நாள்கள் டி.டி.சி.எஸ். கொடுத்துப் பார்த்தார்கள். குரல்களின் தொல்லை ஏறத்தாழ 31 சதவிகிதம் குறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது நிம்ஹான்ஸ். அங்கே டாக்டர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் தலைமையிலான குழு 2018-ல் வெளியிட்ட 25 பேர் ஆய்விலும் உண்மையான மின்சாரம் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. அதே 2018-ல் அவருக்கு மருத்துவ அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு நெதர்லாந்திலிருந்து வந்த 54 பேர் ஆய்வில், உண்மைச் சிகிச்சைக்கும் போலிச் சிகிச்சைக்கும் வித்தியாசமே இல்லை.

போலிச் சிகிச்சை என்றால் ஏமாற்று என்று பொருள் கொள்ள வேண்டாம். இந்த ஆய்வுகளின் உயிரே அதுதான். ஸ்பாஞ்சைக் கட்டி, சில வினாடிகள் மட்டும் மின்சாரம் கொடுத்து, சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். அரிப்பு வந்ததால், நமக்கும் சிகிச்சை நடக்கிறது என்றே அவர் நினைப்பார். தினமும் மருத்துவமனைக்கு வருவது, நர்ஸ் அக்கறையாகப் பேசுவது, வீட்டில் எல்லோரும் ‘இன்னிக்கு எப்படி இருக்கு?’ என்று கேட்பது, இவையே ஒருவரைக் கொஞ்சம் தேற்றிவிடும். அந்தத் தேற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்பதே கேள்வி. ‘எங்களிடம் வந்த பத்துப் பேருக்குக் குணமாச்சு’ என்று வீடியோவில் சொல்பவர் இந்தக் கழித்தலைச் செய்திருக்க மாட்டார்.

இப்போது அம்மாவின் கவலைக்கு வருவோம்: மறதி, மந்தம். கனடாவின் டொரான்டோவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு மனதை நிறைத்தது. 27 பேர். நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பக்கமும், நான்கு வாரம் காந்தத் தூண்டல். தற்காலிக நினைவுச் சோதனையில், நோய் இல்லாதவர்களுக்கு இணையான அளவுக்கு முன்னேறினார்கள். இதைப் படித்த எந்தத் தாய்க்கும் நகையைக் கழற்றத் தோன்றும்.

டொரான்டோ குழுவினர் அதோடு நிற்கவில்லை. அதிகம் பேரைச் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். 83 பேர். 2021-ல் முடிவு வந்தது. நினைவுத் திறனில் உண்மைச் சிகிச்சைக்கும் போலிக்கும் வித்தியாசம் இல்லை. தங்கள் நல்ல செய்தியைத் தாங்களே சோதித்து, பலிக்கவில்லை என்று தாங்களே அச்சிட்டார்கள். இந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். வீடியோக்களில் 27 வருகிறது, 83 வருவதில்லை.

ஜெர்மனியில் 175 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. அது முக்கியமாகப் பார்த்தது ஆர்வமின்மை, பேச்சுக் குறைவு போன்றவற்றை. அதிலும் போலியை மிஞ்சவில்லை. அதே ஆய்வில் பங்கேற்றவர்களின் சிந்தனைத் திறன்களை அலசி மறு ஆண்டு வெளியிட்டதிலும் அதே கதைதான். டி.டி.சி.எஸ். பற்றிய சிறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் தற்காலிக நினைவில் சின்ன முன்னேற்றம் தென்படுகிறது; மற்றவற்றில் தெளிவில்லை. சோதனைத் தாளில் வரும் அந்தச் சின்ன முன்னேற்றம், கடையிலிருந்து நான்கு சாமானையும் கொண்டுவரச் செய்யுமா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

அப்படியானால் கதவு சாத்தியாகிவிட்டதா? இல்லை. மேலே சொன்ன ‘நீர்மட்டம்’ உதாரணத்தில்தான் ஆராய்ச்சியாளர்களின் அடுத்த யோசனை இருக்கிறது. மூளையைத் தூண்டிவிட்டுச் சும்மா உட்காரவைத்தால் என்ன பயன்? தூண்டும்போதே நினைவுப் பயிற்சியும் கொடுத்தால்? லண்டனில் இப்படிச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், பயிற்சியின்போது பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாள் சோதித்தபோது முன்னேற்றம் தெரிந்தது. கற்றது படிய நேரம் எடுக்கிறது போலும். எவ்வளவு மின்சாரம், எந்த இடம், எத்தனை நாள், யாருக்கு என்று தேடல் தொடர்கிறது. ஒருவருடைய மண்டையோட்டின் தடிமனுக்கு ஏற்பக்கூட உள்ளே போகும் மின்சாரம் மாறுகிறது.

மாத்திரைக் கம்பெனிகளும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டிருக்கின்றன. மனச்சிதைவில் சிந்தனைத் திறனை மீட்பதற்கென்றே போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் உருவாக்கிய ஐக்லெபெர்ட்டின் என்ற மருந்து, கடைசிக் கட்டச் சோதனைகளில் தோற்றுவிட்டதாக 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது.

நகைக்கு முன் சில கேள்விகள்

காந்தத் தூண்டல் ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரம் போவது வழக்கம். ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், ஜனப்பன்சத்திரம், செங்குன்றம் வழியாகச் சென்னைக்கு சுமார் 50 கிலோமீட்டர். மகனோடு ஒருவர் துணைக்குப் போக வேண்டும். சிகிச்சைக் கட்டணம் ஒருபக்கம் இருக்க, இரண்டு பேர் பஸ் கட்டணமும், துணைக்குப் போகிறவரின் 20, 30 நாள் கூலியும் போகும்.

எனவே சேரும் முன்பு டாக்டரிடம் நேராகக் கேட்கலாம்: “டாக்டர், இது பையனோட மறதிக்கா, இல்ல அவனுக்கு இருக்கிற மனச்சோர்வுக்கா?” மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்கு இது பலன் தரலாம். மருந்துக்கு அடங்காத குரல்களுக்கு என்றால், சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு இல்லை. மறதிக்கு மட்டும் என்றால், இன்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; தருபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஆராய்ச்சி என்று சொல்லி அழைத்தால் கணக்கே வேறு. முறையான ஆய்வில் சிகிச்சைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். தமிழில் விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது. அப்படி ஓர் ஆய்வில் மகன் விருப்பப்பட்டுச் சேர்ந்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை, நேரத்தைத் தவிர. ‘மகன் விருப்பப்பட்டு’ என்பதை விட்டுவிடக் கூடாது. தலை அவனுடையது.

வலிப்பு வந்த வரலாறு, தலைக்குள் உலோகம், காதில் காக்ளியர் கருவி, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளோசபைன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே சற்றுக் கூடுதல் என்பதால், அதையும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் விற்கும் டி.டி.சி.எஸ். கருவியை வாங்கி வீட்டிலேயே கட்டிப் பார்ப்பது வேண்டாத வேலை. ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் வெந்துபோகும்.

பருப்பும் அரிசியும்

பலன் ஓரளவு நிரூபிக்கப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. அதற்கு மெஷின் கிடையாது, அதனால் வீடியோவும் கிடையாது. மறுபடி மறுபடி செய்யும் மனப்பயிற்சிதான் அது. 2021-ல் வெளியான ஓர் அலசல், 130 ஆய்வுகளில் பங்கேற்ற 8,851 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நினைவு, கவனம் மட்டுமல்ல, அன்றாட நடமாட்டத்திலும் சிறிய அல்லது நடுத்தர அளவுக்கு முன்னேற்றம் இருந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டி, வேலைக்கான மறுவாழ்வோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் இன்னும் கூடியது.

நம் வீட்டுக்கு ஏற்றபடி நிம்ஹான்ஸ் உளவியலாளர்கள் வகுத்த பயிற்சிகளில் தானியம் பிரிப்பதும் ஒன்று. கலந்து கொட்டிய தானியங்களை வகைவகையாகப் பிரிக்க வேண்டும். எவ்வளவு நேரம், எத்தனை தவறு என்று குறித்துக்கொள்வார்கள். போகப்போக வகைகள் கூடும், நேரம் குறையும். செய்தித்தாளில் ஒரு குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடி அடிக்கச் சொல்வது இன்னொன்று. நம் பாட்டிகள் முறத்தோடு உட்கார்ந்து செய்த வேலைதான். வித்தியாசம், இங்கே யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, படிப்படியாகக் கஷ்டத்தைக் கூட்டி, திட்டாமல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். திட்டாமல் என்பது பல வீடுகளில் பருப்பைப் பிரிப்பதைவிடக் கடினம்.

உடற்பயிற்சிக்கும் பலன் இருக்கிறது. மூச்சு வாங்கும் அளவுக்கு நடை, சைக்கிள், ஓட்டம் ஆகியவை மனச்சிதைவு உள்ளவர்களின் நினைவையும் கவனத்தையும் மேம்படுத்துவதாக, 10 ஆய்வுகளில் 385 பேரை வைத்து 2017-ல் வந்த அலசல் சொல்கிறது. ஆரணி ஆற்றங்கரையில் காலையில் மாமாவோடு ஒரு மணி நேரம் வேகநடை போட்டால், செலவு ஒரு டீ.

இன்னொன்றை மருந்துச் சீட்டில் பார்க்க வேண்டும். கை நடுக்கம், உடல் இறுக்கம் வராமலிருக்க டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்து எழுதுவது இங்கே பரவலான பழக்கம். பேசிடேன் என்ற பெயரில் பலர் வீட்டில் இருக்கும். அது நினைவாற்றலை மங்கவைக்கும் இயல்புள்ளது. ஆரம்பத்தில் தேவைப்பட்டிருக்கலாம், வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கலாம். தானாக நிறுத்தக் கூடாது. அடுத்த முறை போகும்போது, “இந்த மாத்திரை இன்னும் தேவையா டாக்டர்? குறைக்க முடியுமா?” என்று கேட்கலாம். மெஷினைத் தேடிப் போகும் பல வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவாக இருக்கலாம்.

வீட்டிலும் கொஞ்சம் மாற்றலாம். நான்கு சாமானை வாயால் சொல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது. ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது. மாத்திரைக்குப் போனில் அலாரம். சாவிக்கு ஒரே ஆணி. கண்ணாடி போட்டவரை யாரும் சோம்பேறிக் கண் என்று சொல்வதில்லை, துண்டுச்சீட்டும் அப்படித்தான்.

சென்னை கற்றது

இந்த நோயை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்ததில் சென்னைக்கு உலக அளவில் பெயர் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் முதல்முறை நோய் வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்து, டாக்டர் ஆர். தாராவும் மற்றவர்களும் ஆண்டாண்டாகத் தொடர்ந்தார்கள். பத்து வருடம் கழித்தும் 76 பேரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. பெரும்பாலோருக்குக் குரல்களும் சந்தேகங்களும் வெகுவாகத் தணிந்திருந்தன. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பே இந்தப் பணியின் வீடு. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்ட அவர், 2021-ல் காலமாகும்வரை மருந்தோடு வேலையும் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

ஊத்துக்கோட்டை வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது 2014-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் என மூன்று இடங்களில் 282 பேர். வழக்கமான மருத்துவத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் ஒரு வருடம் வீடு தேடிப் போனார்கள். டாக்டர்கள் அல்ல, நர்ஸ்கள் அல்ல. மாத்திரை, குளியல், வேலை, பக்கத்து வீட்டாரோடு பேச்சு என்று கூட இருந்து பழக்கினார்கள். மொத்தத்தில் பலன் மிதமானதுதான். ஆனால் மருத்துவ வசதி குறைவாக இருந்த தமிழகக் கிராமப்புறத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. ஒரு நாள் இந்த டி.டி.சி.எஸ். பலிக்கும் என்று நிரூபணமானால், அதுவும் இப்படிப்பட்ட ஒருவர் கையோடு சேர்ந்துதான் ஊத்துக்கோட்டை வரை வரும். பேட்டரிக் கருவி என்பதால் வருவதற்குத் தடையும் இல்லை.

வேலை விஷயத்துக்கு ஒரு வழி உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடக்கம். ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து மனநல மருத்துவர் மதிப்பிடுவார்: தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவு, பேச்சும் புரிதலும், வேலை. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ வந்தால் சட்டப்படியான சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கும். மதிப்பீட்டின்போது அம்மா ‘நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் சோம்பேறி’ என்று சொல்லிவிட்டால் அந்த எண் இறங்கிவிடும். கடையில் மறந்தது, மெஷினை நிறுத்தத் தடுமாறியது, மீதிச் சில்லறை என்று நடந்ததை நடந்தபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.